பனிக்கு லேமினேஷன்

எங்கள் வீட்டில் ஒரு காகிதத்துக்குச் செய்யக்கூடிய உச்சபட்ச மரியாதை அதை லேமினேட் செய்வது. என் கணவரின் அண்ணன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், அந்தக் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவர். சிதம்பரம் பக்கத்தில் தலைமையாசிரியர். மார்க் ஷீட்டிலிருந்து ரேஷன் கார்டு வரை அவர் வீட்டில் எதைத் தொட்டாலும் பிளாஸ்டிக்தான் கையில் படும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சான்றிதழைக் காட்டித்தான் அவர்கள் மேலே வந்தார்கள். ஆனால் என் பொருளில் ஏன் கை வைக்க வேண்டும்? இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் சேர்த்தது ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்கள். 2006இல் கடலூர் வீட்டுக்கு ஒரு பழைய மேசை வாங்கப் புதுச்சேரி போனபோது, அதன் இழுப்பறையில் அடித்தாளாக ஒன்று கிடந்தது. ஆற்றில் ஒரு படகு, மேலே நீலம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டே போகும் வானம். கடைக்காரர் மேசையைத் துடைத்த கையோடு அதைக் கசக்கப் போனார். பிடுங்கிக்கொண்டேன். பிறகு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடியபோதுதான் அது என்னவென்று தெரிந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கட்டை செதுக்கி, மை தடவி, ஒரே தாளைக் கட்டைக்குக் கட்டை மாற்றி வைத்துத் தேய்த்து எடுப்பார்களாம். என்னோடு வேலை பார்த்த பரங்கிப்பேட்டைத் தோழியின் கணவர் கப்பலில் இருந்தார். ஜப்பான் துறைமுகத்துக்குப் போகும்போதெல்லாம் பழைய புத்தகக் கடைகளில் ஓரம் கிழிந்ததோ கறை பட்டதோ பார்த்து எனக்காக வாங்கி வருவார்.

இதற்கு நான் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. "பொம்பளன்னா நகை சேத்து வெப்பா. இது காலண்டர் சேத்து வெக்கிது" என்பார்கள். வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "என்னா வெல?" படத்தில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. என் கணவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவற்றில் ஒன்று என் உயிர். குடை பிடித்த ஒரு பெண், பின்னால் இருட்டு, சுற்றிலும் பஞ்சு பஞ்சாகக் கொட்டும் பனி. அந்தப் பனிக்கு மையே கிடையாது. மை தடவாத கட்டையில் தாளை அழுத்தி, தாளையே புடைக்க வைத்திருந்தார்கள். நேராகப் பார்த்தால் பாதி தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் ஒவ்வொரு பொட்டும் தட்டுப்படும். கத்திரி வெயிலில், கரண்ட் போன மதியங்களில், கையைக் கழுவித் துடைத்துவிட்டு நான் பனியைத் தொட்டுக்கொண்டிருப்பேன். கடலூரில் வேறு யாருக்கு இருந்தது அந்தக் கொடுப்பினை?

2011 கடைசியில் தானே புயல் வந்தது. ஜன்னல் பெயர்ந்து வீட்டுக்குள் தண்ணீர். மாமா எங்கெங்கோ சுற்றி வேன் பிடித்துக்கொண்டு வந்தார், அதை மறுக்க மாட்டேன். படங்களெல்லாம் மேசையோடு ஊறிப்போயிருந்தன. பீரோவுக்குள் இருந்த பனிப் படம் ஒன்றுதான் மிஞ்சியது. நனையாத இடத்தில் இருக்கட்டும் என்று வீட்டுப் பத்திரம், சான்றிதழ்களோடு அதையும் அவரிடம் கொடுத்தனுப்பினேன்.

பொங்கல் கழித்து மாமா பையோடு வந்தார். எல்லாவற்றையும் லேமினேட் செய்திருந்தார். அதையும்.

"இனிமே எந்தப் புயலு வந்தாலும் ஒண்ணும் ஆவாதும்மா."

"இத ஏன் மாமா பண்ணீங்க?"

"மூலையில செவப்பு சீல் இருந்துதே. எழுத்து வேற இருந்துது. சீல் இருந்தா ஒரிஜினல். ஏதோ ஜப்பான் சர்ட்டிபிகேட்டுன்னு நெனச்சேன்."

குடை பிடித்த பெண்ணைப் பார்த்துமா சர்ட்டிபிகேட் என்று நினைத்தார்? விரலை வைத்துப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. மெஷின் சூட்டோடு அழுத்தியதில் பனி அத்தனையும் படுத்துவிட்டது. பிளாஸ்டிக்கைப் பிரித்தால் தாளும் கூடவே உரிந்துவிடும்.

"கேக்காம எப்பிடி மாமா செய்வீங்க? உங்க பட்டத்துமேல நான் கோலம் போட்டா சும்மா இருப்பீங்களா?"

கணவரின் அண்ணன் முன்னால் குரலை உயர்த்திய பெண் அந்தக் குடும்பத்தில் அதுவரை கிடையாது. மாமா முகம் செத்துப்போனது. "நல்லதுக்குத்தான செஞ்சாரு? மன்னிப்பு கேளு" என்றார் என் கணவர். நல்லதுக்குச் செய்துவிட்டால் பறிகொடுத்தவள் வாயைத் திறக்கக் கூடாதாம். இது எந்த ஊர் நியாயம்? நான் மன்னிப்புக் கேட்கவில்லை. "நீங்களே வச்சிக்குங்க" என்று படத்தை மாமா கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

ஆனித் தேருக்குச் சிதம்பரம் போகாமல் இருக்க முடியாது, போனால் மாமா வீட்டுக்குப் போகாமலும் இருக்க முடியாது. ஹாலில் அவருடைய பட்டச் சான்றிதழ் தொங்கியது. பக்கத்தில், அதே உயரத்தில், இன்னொரு ஆணியில் குடை பிடித்த பெண். கோபம் திரும்பவும் தலைக்கேறியது. காபி தம்ளரோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மாமா பக்கத்தில் வந்து நின்றார்.

"அதுல என்னாம்மா இருந்துது?"

அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டிருக்கலாம்.

"பனி, மாமா. கண்ணுக்கு ஜாஸ்தி தெரியாது. வெரலால தொட்டாதான் தெரியும்."

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சுவரருகே போனார். பிளாஸ்டிக்கின் மேல் விரலை வைத்து மெதுவாகத் தடவினார். கண்ணை மூடிக்கொண்டு திரும்பவும் தடவினார்.

"ஒண்ணும் தெரியலியேம்மா."

"ஆமாம் மாமா" என்றேன்.