ஆசகான் சரளைப் பாதையும் விழ மறுத்த டுரியானும்

காஜா பெராங்கிலிருந்து ஆசகான் மலையடிவாரத்துக்குச் சைக்கிளில் போக நினைப்பவர்களுக்கு முதல் தகவல்: போக முப்பத்திரண்டு மைல், வர முப்பத்திரண்டு மைல், திரும்பி வந்தபின் நாற்காலியில் உட்கார இரண்டு நாள். இதை நான் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டு விடுதலைக்கு, இன்னும் சில வாரம்தான். ஊரே கொடித்துணி தைத்துக்கொண்டிருக்க, பள்ளி விடுமுறையில் எனக்குத் தைக்கவும் தெரியாது, சும்மா இருக்கவும் தெரியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோபால் வந்து, "நாளைக்கு ஆசகான் போறேன், வர்றியா?" என்றான். கோபால் என் வகுப்புத் தோழன், கம்போங் செட்டிக்காரன். தமிழ்நாட்டிலிருந்து பல தலைமுறைக்கு முன் வந்த குடும்பம் என்பதால் அவர்கள் வீட்டில் பேசுவது ஒருவகை மலாய். நடுநடுவே நம் தமிழ்ச் சொல் ஒன்றிரண்டு தலைகாட்டும். அவன் சொன்னதையெல்லாம் இங்கே என் தமிழிலேயே எழுதுகிறேன்.

"அங்கே ஒரு தோட்டத்து டுரியான் வேணும். நாளைக்கு ஏழு மணிக்குள்ளே வீட்டுல இருக்கணும்" என்றான். பாசாரில் இல்லாத டுரியானா என்று கேட்டேன். அந்தத் தோட்டத்துப் பழம்தான் வேண்டும் என்றான். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். ஆயர் குரோ காட்டு வளைவுகளில் பனி சட்டைக்குள் நுழைந்தது. ஜாசின் பதினாறு மைல்; ஏழு ஐம்பதுக்குச் சேர்ந்தோம். அதுவரை நல்ல தார் ரோடு. ஜாசின் காப்பிக்கடையில் காப்பி பத்துக் காசு. அங்கேதான் கோபால் தன் பின்கூடையைத் திறந்து, நான் வைத்திருந்த அரைச் செங்கலைக் கண்டுபிடித்தான். பதினாறு மைல் அதைச் சுமந்து வந்திருக்கிறான், பாவம். "உன் மண்டையில இருந்து கழண்டு விழுந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, கோபப்படாமல் ஒரு மரத்தடியில் வைத்தான். அவன் நல்லவன். அதனால்தான் அவன் கூடையில் வைத்தேன்.

சிம்பாங் பெக்கோ அருகே போலீஸ் தடுப்பு. காட்டுப்பக்கம் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகக் கூடாது. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். "இங்கேயே சாப்பிடு, இல்ல இங்கேயே வச்சிட்டுப் போ" என்றார் காவலர். காலை ஒன்பது பத்துக்கு மத்தியானச் சாப்பாட்டை ரோட்டோரம் நின்று தின்றோம். கோபாலின் அம்மா கட்டித் தந்த நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு. சம்பல் காரத்தில் எனக்குக் கண்ணீர் வந்தது. "வீட்டை நினைச்சு அழுறியா தம்பி?" என்று காவலர் விசாரித்தார்.

ஆசகான் சிற்றூரைத் தாண்டியதும் தார் முடிந்து செம்மண் சரளை தொடங்குகிறது. நாலு மைல். முதல் மைல் ரப்பர்த் தோட்டம், நிழலும் சமதளமும். அடுத்த மூன்றும் காடு. இடப்பக்கம் மலைச்சரிவு, வலப்பக்கம் கண்ணில் படாமல் காதில் மட்டும் விழும் ஓடை. சரளையில் சரளமாக ஓட்ட முடியாது என்பது முதல் வளைவிலேயே தெரிந்தது. முன்பிரேக்கைப் பிடித்தால் சைக்கிள் நிற்கும், நாம் போய்க்கொண்டிருப்போம். இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினோம். அப்புறம் ஓர் இறக்கம் வருகிறது. இரக்கமே இல்லாத இறக்கம். அதன் அடியில் மரப்பாலம். பாலத்துக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், பலகைக்குப் பலகை இடைவெளி உண்டு. ஆனாலும் சொல்கிறேன்: மேலே குரங்குக் கூச்சலும், ஈர மண் வாசனையும், சக்கரத்தடியில் நறநறக்கும் கல்லும், முன்னால் போகும் நண்பனின் வியர்வை நனைந்த முதுகும் சேர்ந்த அந்த நாலு மைலுக்காக நான் மறுபடியும் நின்றபடியே எழுதத் தயார்.

பதினொன்றே காலுக்குத் தோட்டம். தோட்டக்காரர் பாக் மான் கோபாலின் தோளைப் பிடித்து ஏதோ மெதுவாகக் கேட்டார், அவன் தலையாட்டினான். பிறகு அவன் ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போனான். அன்று விழுந்த பழம் நாலுதான் இருந்தது. டுரியான் வாங்கும் முறை உங்களுக்குத் தெரியும்: தோலில் முக்கோணமாக ஒரு துண்டு வெட்டிக் காட்டுவார்கள், விரல் விட்டுச் சுவை பார்த்துத்தான் காசு. கோபாலை எவரும் ஏமாற்றிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் நாலையும் வெட்டச் சொன்னேன். நாலிலும் விரல் விட்டேன். நாலும் பிரமாதம்.

தண்ணீரோடு வந்த கோபால் என் விரலைப் பார்த்தான், பழங்களைப் பார்த்தான்.

"நாலையுமா?"

"ஒண்ணுகூட சொத்தை இல்லடா!"

"அது அப்பாவுக்குடா."

அவன் அப்பா போன வருடம் காலமானார். பழக் காலத்தில் அவர்கள் வீட்டில் முன்னோருக்குப் பழம் படைப்பார்கள். பார்ச்சு என்று பெயர். இது அவருக்கு முதல் பார்ச்சு. வருடா வருடம் அவரே சைக்கிளில் இங்கே வந்து பழம் எடுத்துப் போவாராம். படைப்பதற்கு முன் எவர் வாயும் அதில் படக் கூடாது. நம் வீட்டிலும் அதே வழக்கம்தானே, எச்சிலைப் படைப்போமா?

"ஏண்டா முன்னாடியே சொல்லல?"

"சொன்னா நீ சிரிப்பே. எதுக்குத்தான் நீ சிரிக்கல?"

நான் விரலைக் காற்சட்டையில் அழுத்தித் துடைத்தேன்.

டுரியானைப் பறிக்க முடியாது; அது தானாக விழ வேண்டும். பெரும்பாலும் இரவில் விழும் என்றார் பாக் மான். பகலில் காற்று அடித்தால் உண்டு. மூன்றே காலுக்குள் கிளம்பாவிட்டால் ஏழு மணிக்கு வீடு சேர முடியாது. எங்களைக் குடிசைக் கூரையடியில் உட்கார வைத்தார். மரத்தடியில் நின்றால் பழம் மண்டையைப் பிளந்துவிடும். பன்னிரண்டு. ஒன்று. இலை ஆடவில்லை. கோபால் என் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டரைக்கு என்னால் தாங்க முடியவில்லை.

"நான் ஏறி உலுக்கட்டுமா?"

கோபால் மரத்தை அடி முதல் நுனி வரை பார்த்தான். "ஏறு. அடுத்த வருஷம் உனக்கும் சேர்த்துப் படைக்கிறேன்."

அவனே சிரித்துவிட்டான். நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மூன்று ஐந்துக்கு மலையிலிருந்து காற்று இறங்கியது. எங்கோ கிளை முறிந்தது, பிறகு ஒரே ஒரு 'தொம்'. மூவரும் ஓடினோம். ஓடைக்கரைச் சேற்றில் பாதி புதைந்து, வெடிப்பில்லாமல், முழுசாக ஒரு பழம். பாக் மான் அதைப் பிரம்பு நாரால் கட்டிக் கைப்பிடி போட்டுத் தந்தார். நான் இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

திரும்பும் வழியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மூச்சு வாங்கியது மட்டும்தான் நினைவிருக்கிறது. ஆறே காலுக்கு ஆயர் குரோவில், வீட்டுக்கு இன்னும் ஆறு மைல் இருக்கும்போது, கோபாலின் பின்சக்கரத்தில் காற்று போனது. ஒட்டுப்பசை என் பொறுப்பு. பசைக்குழாயை அமுக்கினேன், உள்ளே காய்ந்து கல்லாகியிருந்தது.

"நீ பழத்தை எடுத்துட்டுப் போ. உன் கால் வேகம்" என்றான். நாலு பழத்தை எச்சில் செய்தவனிடம், ஐந்தாவதை நீட்டினான்.

"படைக்கப் போறது நானா, நீயா? என் வண்டில ஏறுடா" என்றேன். பழத்தை அவனே என் கூடையில் வைத்துக் கட்டினான், கிளம்பினான். நான் அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஆறு மைல் நடந்தேன்.

கம்போங் செட்டி சேர்ந்தபோது எட்டு மணி. அவர்கள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. குடும்பமே வாசலில் அமைதியாக உட்கார்ந்திருந்தது. நேரத்துக்குச் சேர்ந்தானா, பழம் தாங்கியதா, அம்மாவிடம் என் விரல் விவகாரத்தைச் சொன்னானா என்று கேட்க வாயைத் திறந்தேன். கோபால் எழுந்து வந்து என் கையைப் பிடித்தான்.

"சத்தம் போடாதே. அப்பா சாப்பிட்டுக்கிட்டு இருக்கார்."

அவன் அம்மா நகர்ந்து பாயில் இடம் விட்டார். வலியை மறந்து உட்கார்ந்தேன். கதவு திறக்கும் வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நம்பாதவர்கள் அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். விடியும் முன் கிளம்புங்கள். சோறு கட்டிக்கொண்டு போகாதீர்கள். ஆசகான் கடையில் ஐம்பது காசுக்கு வயிறு நிறையும். ஒட்டுப்பசையை வீட்டிலேயே அமுக்கிப் பாருங்கள். சரளையில் பின்பிரேக்கை மட்டும் நம்புங்கள். கூட வரும் நண்பன் எதற்காக வருகிறான் என்பதை அவனாகச் சொல்லும்படி, இரண்டு மைலாவது வாயை மூடிக்கொண்டு ஓட்டுங்கள்.