எங்கள் கூரைக்கு வந்த கட்டுமரப் பாய்

நம் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். கருங்கல் ஊருக்குத் தெற்கே, கடலிரைச்சல் கேட்கும் தூரத்தில் எங்கள் வீடு. முந்தின கோடையில் அடுக்களைத் தீ பற்றி ஓலைக்கூரை முழுக்க எரிந்துபோனது. பிள்ளைகள் இருவரையும் வாரிக்கொண்டு ஓடிய நடுக்கம் எனக்கு விடவே இல்லை. இனி ஓலை வேண்டாம், ஒற்றை அறையானாலும் கான்கிரீட்தான் என்று என் கணவர் தீர்மானித்துவிட்டார்.

கம்பி வந்து சேர்வதற்குள் ஐப்பசி பிறந்துவிட்டது. காலையில் சுள்ளென்று வெயில், பிறகு இடியும் மழையும். அதனால் சீக்கிரம் இறுகும் சிமெண்டாகத் தேடி வாங்கி, விடிந்ததும் கூரை வார்த்தார்கள். வேலை முடிந்து எல்லாரும் கை கழுவும் நேரத்தில் மலைப்பக்கம் வானம் கறுத்தது.

மாமியாருக்குக் கவலையே இல்லை. “மழ பெய்யட்டு ஏட்டி. எப்பிடியும் அதுக்குத் தண்ணி ஊத்தணும்லா?” என்றார்.

“அது இறுகின பொறவு அம்மா. இப்ப மழ விழுந்தா சிமெண்டுப் பாலு கழுவிப் போவும், வெறும் சல்லிதான் மிஞ்சும்” என்றார் கொத்தனார். தீயில் தப்பிய என் பிள்ளைகள் மேல் இந்தக் கூரையே விழுந்தால்?

வேலியோரம் ஓலைக் கடவப் பெட்டியில் மீனோடு நின்ற கடற்கரைக்காரி இதைக் கேட்டாள். வழக்கமாக எங்களுக்கு மீன் கொடுப்பவள். கடவத்தை அங்கேயே இறக்கிவிட்டு ஓடினாள். சற்று நேரத்தில் அவளும் புருஷனும் தங்கள் கட்டுமரத்தின் துணிப் பாயைச் சுருட்டித் தூக்கி வந்தார்கள்.

கொத்தனார் குறுக்கே நின்றார். “உப்புப் பாயி. உப்பு எறங்கினா கம்பி துருப்பிடிக்கும்.” தூறல் தொடங்கிவிட்டது. அந்த நேரத்தில் அவர்கள் பாயைப் பக்கத்துக் குளத்தில் முக்கி முக்கி அலசியதைப் பார்க்க எனக்கு உயிரே போனது. தளத்தில் படாதபடி மூங்கில்களைக் குறுக்கே வைத்து, அவற்றின்மேல் பாயை இழுத்துக் கட்டி முடிக்கவும் மழை கொட்டியது.

மறுநாள் மழை ஏமாற்றிவிட்டது. வெயிலும் காற்றுமாகக் காய்ந்தது. சீக்கிரம் இறுகிய கான்கிரீட்டை ஈரம் விடாமல் காக்காவிட்டால் வெடித்துவிடும் என்றார் கொத்தனார். ஓரத்தில் மயிரிழை போல ஒரு கீறலும் தெரிந்தது. பாயைத் தளத்தோடு படிய விரித்து, குடம் குடமாக ஊற்றி நனைத்துக்கொண்டே இருந்தோம். கீறல் அதற்கு மேல் ஓடவில்லை.

அந்த வாரம் அவள் மீன் கொண்டு வரவில்லை. ஒரு நாள் வெறுங்கையோடு வந்து கூரையை அண்ணாந்து பார்த்தாள். மீன் எங்கே என்று கேட்டேன். “பாயி இல்லாம ஆழக்கடலுக்கு எப்பிடிப் போவ?” என்று சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இப்போதே அவிழ்த்துத் தருகிறேன் என்று பதறினேன்.

“கிடக்கட்டு மக்கா. எங்க பிள்ளைங்க கொஞ்ச நாளு மரச்சீனிக் கிழங்கு தின்னட்டு. உனக்க பிள்ளைங்க மேல கல்லு விழப்பிடாது” என்றாள்.

கூரையைத் தாங்கி நின்ற முட்டுகளைத் தட்டி எடுத்த நாளில் பிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்திவிட்டுப் பார்த்தேன். கூரை அசையவில்லை. எப்போதும் வேலியோரம் நின்றே மீன் கொடுத்துப் போகும் அவளை என் மாமியார்தான் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய் அந்தக் கூரையின் கீழ் உட்கார வைத்தார்.

இன்றும் ஐப்பசி மழை மேலே விழும் சத்தம் கேட்டால், என் பிள்ளைகள் பயமில்லாமல் தூங்குவதற்காக அவள் பிள்ளைகள் வெறும் மரவள்ளிக் கிழங்கு தின்ற அந்த வாரம் எனக்கு நினைவுக்கு வருகிறது.