ஹார்பர் லாரியை ஒதுங்கச் சொன்ன பாட்டு

துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் ஓயாமல் ஓடும் ரோட்டோரப் புதுக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பால்துரை அண்ணாச்சிக்குப் பாட்டுக் கட்டுவது ஒரு கிறுக்கு. பருப்பு நிறுத்துக்கொண்டே அடி எடுத்துவிடுவார். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் முளைப்பாரியைச் சுற்றிப் பெண்கள் கும்மியடிக்கப் பாட்டு வேண்டுமென்றால் அவரிடம்தான் வரவேண்டும். மேடைத் தமிழெல்லாம் அவருக்கு ஆகாது. வாயில் வருகிற பேச்சுதான் பாட்டு.

"ஹார்பர் லாரியே ஒதுங்குலே – எங்க
ஆத்தா வாரா பாரு அங்கன"

இதைச் சுற்றுவட்டாரமே பாடியது. நடுவில் ஒவ்வோர் ஊரும் தன் அம்மன் பேரைப் போட்டுக்கொள்ளும். கடைசி அடி மட்டும் கட்டியவருக்கு. அதில் யாரும் கைவைக்க மாட்டார்கள்.

"பலசரக்குக் கடை பால்துரை – ஒன்
பாதம் பணிஞ்சு சொன்ன பாட்டு"

அவர் கேட்ட கூலி அந்தப் பேர் ஒன்றுதான். எந்தப் பாட்டையும் முதலில் கேட்பது மனைவி செல்வராணி. அவள் சரி என்று சொன்ன பிறகே அது வெளியே போகும்.

அவளுடைய தம்பி பாண்டித்துரை கச்சேரிகளில் பாடுகிறவன். வீடியோ போட இந்தப் பாட்டைக் கேட்டான். மச்சினன்தானே என்று அண்ணாச்சி மெட்டோடு சொல்லிக்கொடுத்தார். வீடியோ பிய்த்துக்கொண்டு ஓடியது. கடைசி அடியில் 'பாட்டுக் கட்டும் பாண்டித்துரை' என்று இருந்தது.

கேட்டதற்கு, "அத்தான், பலசரக்குக் கடைன்னு வந்தா எடுபடாதுன்னு சொல்லுதாவ. பேரு நம்ம குடும்பத்துக்குள்ளதான கெடக்கு" என்றான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

ஊர்க்கொடையில் நம் பெண்கள் சரியாகப் பாடுவார்கள், அது போதும் என்று அண்ணாச்சி பொறுத்துக்கொண்டார். அப்பாவி மனுஷன்.

இந்த வருஷக் கொடைக்குப் பாண்டித்துரைதான் சிறப்பு விருந்தாளி. கழுத்தில் மாலையோடு மேடையில் இருந்தான். கும்மியடித்த இளம்பெண்கள் செல்போனைக் கேட்டுப் பாடம் செய்தவர்கள். கடைசி அடியில் பாண்டித்துரை என்றே பாடினார்கள். அண்ணாச்சிக்குத் தாளவில்லை. குறுக்கே போய் நின்று, தன் பேரைப் போட்டு உரக்கப் பாடினார்.

கும்மி நின்றது. சாகுபுரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஐஸ்வர்யா, "அண்ணாச்சி, அடுத்தவங்க பாட்டுல ஒங்க பேரைப் போடுதியளே, நல்லாவா இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். சிரிப்புக் கிளம்பியது. விவரம் தெரிந்த பெண்களோ செல்வராணியின் முகத்தைப் பார்த்தார்கள். அக்காள் தம்பி சமாச்சாரம், அவர்கள் ஏன் வாய் திறக்கப் போகிறார்கள்?

அண்ணாச்சி மனைவி பக்கம் திரும்பினார். "ஏளா செல்வராணி, நீயே சொல்லு. இது யாரு கட்டுன பாட்டு?"

அவள் மேடையைப் பார்த்தாள். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆத்தா முன்னால வழக்கு என்னத்துக்கு? தம்பி பாட்டுதான். நீங்க இங்கன வாங்க."

அண்ணாச்சி நகரவில்லை. "அவன் எடுத்தது எம் பேரைத்தான். நீ என்னையவே இல்லன்னு ஆக்கிட்டியேளா" என்றார்.

அவளுக்கு அது கேட்டது. திரும்பாமல், பெண்களோடு சேர்ந்து தம்பி பேரைப் பாடினாள்.