திரையில் எட்டு, முள்ளில் சிவப்பு

காகித ஆலையில் எல்லோரும் அவளை பாய்லர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடமாக அந்த பாய்லரைக் கவனிப்பவள். அன்று காலை கணினித் திரையில் அழுத்தம் வழக்கம்போல் எட்டு என்றே காட்டியது. ஆனால் காலடியில் தரை அதிர்ந்தது.

ஓடிப்போய், பாய்லர் மேலேயே பொருத்தியிருந்த மீட்டரைப் பார்த்தாள். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. திரும்பி வந்து திரையில் எரிவாயுவை நிறுத்தினாள். அது தானாகவே மறுபடி ஓடத் தொடங்கியது.

"சார், யாரோ கம்ப்யூட்டருக்குள்ள பூந்துட்டாங்க! நான் நிறுத்த நிறுத்த ஓடுது!" என்று போனில் இன்ஜினியரிடம் கத்தினாள்.

"எல்லாரையும் கூட்டிட்டு வெளிய ஓடுங்கக்கா!"

மற்றவர்களை விரட்டிவிட்டு, அவள் மட்டும் எரிவாயுக் குழாயின் வால்வைக் கையால் திருகினாள். இரண்டு தடவை பிடி நழுவியது. மூன்றாவது தடவை மூடிக்கொண்டது. நெருப்பு அணைந்தது.

பாய்லரைப் பழுதுபார்க்கும் கம்பெனி அதைத் தூரத்திலிருந்து கவனிக்க வைத்திருந்த இணைய இணைப்பு வழியாக எவனோ நுழைந்து, திரையில் பொய் எண்ணைக் காட்டியிருந்தான். அந்த இணைப்பைத் துண்டித்தார்கள்.

"இனி பயமில்லக்கா" என்றார் இன்ஜினியர்.

"எப்படி சார் பயமில்லாம இருக்கும்? அவன் மூஞ்சியக்கூட நான் பாக்கலையே."