பலாமர ரீலுக்கு ஓர் அபிஷேகம்

என் தாய்மாமாவுக்குக் கல்யாணம் ஆகாததற்குப் பெண் கிடைக்காதது காரணமில்லை, அவர் கட்டிலை ரீல்கள் பிடித்துக்கொண்டதுதான் காரணம் என்று அம்மா சொல்வாள். காஜா பேராங்கில் எங்கள் வீட்டு முன்னறை மாமாவுடையது. தூண்டில் நூல் சுற்றும் பழைய ரீல்களை அவர் தேடித் தேடிச் சேர்த்தார். சீமைக்குத் திரும்பும் வெள்ளைக்காரர்கள் விற்றுவிட்டுப் போன பித்தளை ரீல்கள், கறுப்பு பேக்கலைட் ரீல், கைப்பிடி உடைந்த ஒன்று. எல்லாவற்றுக்கும் ராஜா, தெங்கேராவில் படகு கட்டும் மலாய்க்காரர் ஒருவர் பலாமரத்தில் கையாலேயே செய்து கொடுத்த ரீல். இத்தனை இருந்தும் வீட்டுக்கு மீன் என்னவோ பசாரிலிருந்துதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா பாயை விரித்து ரீல்களைப் பரப்புவார். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஒவ்வொன்றையும் சுண்டிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்பார். பித்தளை கடகடக்கும். பலாமரம் மட்டும் மடியில் படுத்த பூனை மாதிரி உறுமும்.

புக்கிட் ரம்பாய் ரப்பர் தோட்டத்திலிருந்து விடுமுறைக்கு வரும் பெரியம்மா மகன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். ஒரு ஞாயிறு மாமா எங்கள் இருவரையும் கண்ணை மூடச் சொல்லி, எந்த ரீல் என்று கேட்டார். அவன் ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் பேக்கலைட் என்று அடித்துச் சொன்னது, தெருவில் போன யாரோ ஒருவருடைய சைக்கிள். அன்றிலிருந்து எண்ணெய்க் குப்பி அவன் கைக்குப் போனது. வருஷம் முழுக்க அந்தச் சத்தத்தோடு குடியிருப்பவன் நான், விருந்தாளியாக வந்தவன் அவன். வயிறு எரிந்தது. அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள். கேட்கவில்லை.

நாட்டுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த அந்த வருஷம், மாமா கிராணியாகக் கணக்கெழுதிய அலுவலகத்து வெள்ளைக்காரத் துவானும் கப்பலேறத் தயாரானார். போகும்போது நினைவாக எடுத்துப் போக அவர் கேட்டது பலாமர ரீலை. மாமாவுக்கு முடியாது என்று சொல்லத் தெரியாது. ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

பூஜையில் பாராங்கத்தி, சைக்கிள், தையல் மிஷின், என் பாடப் புத்தகங்கள் எல்லாவற்றோடும் ரீல்களும் வரிசையாக உட்கார்ந்தன. ரீல்களுக்குப் பொட்டு வைக்கும் பாக்கியம், விடுமுறைக்கு வந்திருந்த பெரியம்மா மகனுக்கு. எனக்குத் தேங்காய்த் துருவி. அவன் கை கழுவப் போன நேரத்தில் பலாமர ரீலை எடுத்தேன். அவன் வைத்தது ஒரு பொட்டுதானே, நான் அபிஷேகமே செய்துவிடுகிறேன் என்று சந்தனத்தை வழித்து, பக்கத்து இடுக்கு, நடு அச்சு என்று விரல் போன இடமெல்லாம் அப்பினேன். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை யாரும் தொடக்கூடாது. சந்தனம் தன் வேலையை நிதானமாகச் செய்தது.

காலையில் துவான் வந்தார். மாமா ரீலை எடுத்துச் சுண்டினார். அது அசையவில்லை. நான் கட்டிலுக்கடியில் இருந்தேன். எப்போது போனேன் என்று எனக்கே தெரியாது. தோலை உரித்துத் துவானோடு கப்பலில் அனுப்பிவிடுவார்கள் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

"ரோசாக், துவான்," என்றார் மாமா. கெட்டுப்போன பொருளுக்கான அந்த மலாய்ச் சொல்லை அவ்வளவு மரியாதையாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. துவான் திருகிப் பார்த்தார். சட்டையில் குங்குமம் ஆனதுதான் மிச்சம். சிரித்து, மாமா கையிலேயே அதைத் திரும்ப வைத்துவிட்டுக் கிளம்பினார்.

"யாருடா ரீலுக்குச் சந்தனம் வச்சது?"

"நான்தான் மாமா," என்றான் அவன். நன்றாக வாங்கட்டும் என்று நான் மூச்சுவிட்டேன். மாமாவோ அவனைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

"காப்பாத்திட்டியேடா. எந்த ரீலு வேணும், எடுத்துக்க."

கட்டிலில் தலை இடிக்க வெளியே பாய்ந்தேன். அப்பியது நான்தான், உள்ளே விட்டதும் நான்தான், வேண்டுமானால் நகத்தைப் பாருங்கள் என்று கத்தினேன்.

"பாரேன், இதுக்கும் பொறாம இவனுக்கு," என்று மாமா சிரித்தார். பொய் சொன்னதற்காக அம்மா காதைத் திருகினாள். என் வாழ்க்கையில் நான் சொன்ன உண்மைகளில் அதற்குத்தான் கூலி அதிகம்.

அவன் ரீல்களையும் பக்கத்திலிருந்த என் பாடப் புத்தகங்களையும் பார்த்தபடி கால் பெருவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ரீலு வேணாம் மாமா. நான் இங்கயே தங்கி, இவன்கூட பள்ளிக்கூடம் போவட்டா?"

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா என் காதை விட்டாள்.

அன்று என் பாயில் அவனுக்குப் பாதி இடம் விடச் சொன்னார்கள். தாராளமாக விட்டேன். ரீல் ஒன்றுகூடக் குறையவில்லையே. எதைக் கேட்பது என்று தெரியாத அசடு என்று அவனுக்காகப் பரிதாபப்படக்கூடச் செய்தேன். அந்த வீட்டில் பொறாமையில் வெந்துகொண்டிருந்தது நான் ஒருவன் மட்டும்தான் என்பது அப்போது என் எண்ணம்.