டேப் அக்காவின் கண்ணளவு

எங்கள் அக்கா பேருக்குத்தான் தையல்காரி. வேலை என்னவோ அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பது. கழுத்தில் எந்நேரமும் இஞ்ச் டேப் தொங்குவதால் தெருவுக்கே அவள் டேப் அக்கா. நான் தங்கை. பட்டன் வைப்பேன், காஜா எடுப்பேன், அவள் அடிக்கும் கூத்துக்கெல்லாம் திட்டிக்கொண்டே துணை போவேன்.

கூத்து இதுதான். "படிச்சது போதும், பொண்ணு வீட்டுல இருக்கட்டும்" என்று எந்த அப்பனாவது சொன்னது காதில் விழுந்தால் போதும். அக்கா தன் கைக்காசில் துணி எடுத்து, அந்தப் பெண்ணுக்கு அடுத்த வகுப்பு யூனிஃபார்மைத் தைத்தே விடுவாள். கேட்பதும் கிடையாது, சொல்வதும் கிடையாது. "உங்க பொண்ணு அளவுக்கு வெட்டிட்டேனே, இனி வேற யாருக்கு ஆகும்?" என்று கொண்டுபோய் நீட்டுவாள். புதுத்துணியை வீணாக்க யாருக்கு மனசு வரும்? இப்படியே ஒன்பது பெண்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள்.

பத்தாவது, எதிர்வரிசை இஸ்திரிக்காரர் மகள். எட்டாம் வகுப்பில் முதலாவதாக வந்தவள். ஒன்பதுக்குப் பெரிய பள்ளிக்கூடம், மெரூன் நிற நீளச் சட்டை. சேர்வதற்குத் திங்கள்கிழமைதான் கடைசி. இஸ்திரிக்காரரோ, "ரெண்டாவது இஸ்திரிப் பெட்டிக்கு ஆள் வேணும், அவ நிக்கட்டும்" என்று முடித்துவிட்டார். அதோடு விட்டாரா? "டேப் அக்கா கடைப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்கக் கூடாது" என்று மகளிடம் உத்தரவு வேறு!

"அளவு கிடைக்கலேன்னா என்னடி? என் கண்ணே டேப்புதான்" என்றாள் அக்கா. சனிக்கிழமை எங்கள் கடை வாசலிலிருந்தே, இஸ்திரிக் கொட்டகையில் மஞ்சள் உடையில் முதுகு காட்டி நின்றவளை ஒரு பார்வை பார்த்தாள். "தோள் பதினாலு, நீளம் நாப்பது. எழுதிக்கோ." ஞாயிறு முழுக்க மிஷின் ஓடியது.

திங்கள் காலை, இஸ்திரிக்குக் கொடுக்கும் மூட்டைக்குள் அந்தச் சட்டையையும் செருகிவிட்டாள். மனுஷன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே காலருக்குத் தண்ணீர் தெளித்தார், கைக்கு மடிப்பு வைத்தார். நாங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றோம்.

"யாரோடது அக்கா? புதுசா இருக்கு."

"உன் பொண்ணோடதுதான் தம்பி. என்ன அழகா தேய்ச்சிருக்கே!"

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மகள் தாவி வந்து பிடுங்கி, போட்டிருந்த உடுப்பின் மேலேயே மாட்டிக்கொண்டாள். வந்தது வினை. தோள் வழிந்தது, விரல்களையே காணோம். இஸ்திரிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னொருத்தரும் உள்ள போலாம் போலிருக்கே! சட்டையே வேணாங்குது. போங்கக்கா."

அக்கா முகத்தில் ஈ ஆடவில்லை. எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தது. "கண்ணாம் கண்ணு! யாரைப் பார்த்து அளந்து தொலைச்சே?"

"மஞ்சள் உடுப்புல நின்னாளே..."

"அது நான்" என்றாள், வீடுகளில் துணி கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்து நின்ற இஸ்திரிக்காரர் மனைவி.

மகளிடமிருந்து சட்டையை வாங்கித் தானே போட்டுக்கொண்டாள். அச்சு அசலாகப் பொருந்தியது! பட்டன்களைக் கழுத்து வரை போட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். மகள் கைதட்டிக் குதித்தாள், அக்கா விசிலே அடித்துவிட்டாள். அப்புறம் இஸ்திரிக்காரர் மனைவி தன் புருஷன் எதிரில் போய் நின்றாள்.

"எட்டாவது முடிச்சப்போ இந்தச் சட்டைக்காகத்தான் நாலு நாள் அழுதேன். எங்கப்பா அனுப்பல. வீடு வீடா துணி குடுக்கிறதை வெள்ளனவே முடிச்சுட்டு, ரெண்டாவது பெட்டிய நான் பிடிக்கிறேன். அவ போகட்டும்."

இஸ்திரிக்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது. மனைவியை மேலும் கீழும் பார்த்தார். தோளில் விழுந்திருந்த ஒரு சுருக்கத்தைக் கையாலேயே நீவிவிட்டார்.

"பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு?"

"பத்துக்கு" என்றாள் மகள், மூச்சே விடாமல்.

"அதுக்குள்ள அளவு பிடிச்சுத் தர முடியுமா அக்கா?"

"கால் மணி நேரம் போதும்!" அக்கா சட்டையை வாங்கிக்கொண்டு கடைக்கு ஓடினாள். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே ஓடினோம். அவள் கத்திரியைத் தூக்கியதும், இஸ்திரிக்காரர் பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயையோ, வெட்டிராதீங்கக்கா! உள்ள மடிச்சுத் தைங்க. பன்னெண்டாவது வரைக்கும் வரணும்."