சின்னராசு நம்பிய பயம்

கும்மிடிப்பூண்டியில் ஆலைத் தொட்டி கழுவப் போகிறவர்கள் இறங்குவதற்கு முன் ஒரு குவார்ட்டர் போடுவார்கள். நாற்றமும் தெரியாது, பயமும் தெரியாது என்று ஒரு கணக்கு. கூலி கொடுப்பவர்களும் அதைக் கண்டுகொள்வதில்லை. பயந்தவன் வேலைக்கு ஆகமாட்டான் அல்லவா?

சின்னராசு மஞ்சள்காமாலை வந்து குடியை விட்டவன். எரிசாராய ஆலை ஒன்றில் மொலாசஸ் என்கிற கரும்புக் கழிவுப்பாகைப் புளிக்கவைக்கும் தொட்டிக்குள் ஒருநாள் ஏணியில் பாதி இறங்கியிருப்பான். கண்ணில் எதுவும் படவில்லை, காதில் எதுவும் விழவில்லை. ஆனாலும் செத்துவிடப் போகிறோம் என்கிற பயம் நெஞ்சைப் பிடித்தது. விழுந்தடித்து மேலே ஏறி வந்து வாந்தியெடுத்தான். மேஸ்திரி மோசஸ் வயிறு குலுங்கச் சிரித்தார். காத்துக்கருப்பு அடித்துவிட்டது என்று மனைவி தமிழ்செல்வி மந்திரித்துக் கயிறு கட்டினாள்.

படபடப்பு அடங்காமல் டிஸ்பென்சரிக்குப் போனான். டாக்டர் அமிர்தா பேயைப் பற்றிக் கேட்கவில்லை, தொட்டியைப் பற்றிக் கேட்டார். புளிக்கும்போது வருகிற கரியமில வாயு கனமானது, அடியில் தேங்கும் என்றார். மூச்சில் போனால் உடம்பில் அமிலம் ஏறும். அமிலத்தை உணர்கிற ஏற்பிகள் நம் செல்களில் இருக்கின்றன. புண் வலிப்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு, மூளையில் பயம் பிறக்கிற இடத்திலும் அவை உண்டு. எலிகளை வைத்துப் பார்த்திருக்கிறார்களாம்.

"பேய் இல்லீங்க. உங்க உடம்புதான் உங்கள வெளிய தள்ளியிருக்கு" என்றார்.

அதன்பின் காற்று ஊதும் மெஷின் ஓடாமல் சின்னராசு எந்தத் தொட்டியிலும் இறங்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அந்தப் பெயர்தான் வினையாயிற்று. தமிழ்செல்வியின் தம்பி அன்புசெல்வன் அதே வேலைக்கு வந்திருந்தான். மெஷின் பழுதான ஒருநாள், அதே மொலாசஸ் தொட்டியை மதியத்துக்குள் முடிக்கவேண்டும் என்று மோசஸ் விரட்டினார். சின்னராசு மறித்துப் பார்த்தான். நம் வீட்டைப் பார்த்தே ஊர் சிரிக்கிறது என்று மச்சான் எரிந்து விழுந்தான். அவன் வாயில் குவார்ட்டர் வாடை. இடுப்புப் பெல்ட்டில் கயிறு கட்ட மட்டும் எப்படியோ சம்மதிக்க வைத்தான் சின்னராசு.

அன்பு இறங்கினான். சின்னராசு கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டான். தான் திரும்பி ஓடிவந்த படியையும் மச்சான் தாண்டிவிட்டான்.

"அன்பு, பயமா கீதா?"

"இல்ல மாமா. ஜாலியா கீது."

வரவேண்டிய இடத்தில் பயம் வரவில்லை. குடித்தவன் காதில் அவன் உடம்பின் கத்தல் விழவில்லை. மோசஸ் திட்டத் திட்டச் சின்னராசு கயிற்றை இழுத்தான். இரண்டு இழுப்பில் கயிறு கனத்தது. பிடி விட்டு, தலை தொங்கி, பிணமாகக் கனத்தான் மச்சான். திட்டிய மோசஸும் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார்.

சிமென்ட் தரையில் போட்டு முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். சின்னராசு அவன் பெயரைச் சொல்லிக் கத்தினான். அன்பு ஒருமுறை இழுத்து மூச்சு விட்டான். கண் திறந்தான். தொட்டியின் வாயைப் பார்த்தான். உடம்பெல்லாம் உதறத் தொடங்கியது.

"மாமா, பயமா கீது மாமா" என்று சின்னராசுவின் காலைக் கட்டிக்கொண்டான்.

சின்னராசு அவன் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "பயப்படு. நல்லா பயப்படு."